குறை சொல்ல இடமில்லாத பயிற்சி

தலைமையாசிரியர்களுக்கு நடத்தப்படும் ஐந்து நாள் தலைமைப் பண்புப் பயிற்சியை முதலில் வாயாரப் புகழ்ந்துவிடுகிறேன். அதற்கு ஒரு மதிப்பீடு வேண்டும் என்று கேட்கப்போகும் நான், அதன் சிறப்புகளை மறைத்துவிட்டுக் கேட்பது முறையல்ல.

காலை ஒன்பதரை மணி என்று சுற்றறிக்கை சொன்னால், ஒன்பதேகாலுக்கே வருகைப் பதிவேடு மேசையில் விரிந்திருக்கும். முற்பகலுக்கு ஒரு கையெழுத்து, பிற்பகலுக்கு ஒரு கையெழுத்து. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் அன்று மாலைக்குள் மேலிடத்துக்குத் தகவல் போய்விடும். தேநீர் தாமதமானதில்லை. மதியச் சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. குறிப்பேடு, பேனா, கட்டகம் அடங்கிய பை ஒவ்வோர் இருக்கையிலும் காத்திருக்கும். கடைசி நாள் நான்கரை மணிக்குள் குழுப்படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து, பயணப்படிப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். கழிவறைக் கதவு ஒன்றைப் பழுதுபார்க்கப் பருவக்கணக்கில் காத்திருக்கும் பள்ளிகளிலிருந்து வருகிற எங்களுக்கு, அரசுக் காரியம் ஒன்று இப்படி நேரம் பிசகாமல் நடப்பதைப் பார்த்ததே பெரிய ஆறுதல்.

தேர்ச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வந்தவர் அத்தனை பேரும் தேறினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து விடாமல் குறிப்பெடுத்தவர் தேறினார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தவரும் தேறினார். ஐந்து நாளும் கைபேசியில் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவுகளை முடித்துக்கொண்டிருந்தவரும் தேறினார். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறைந்தால் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டிய தலைமையாசிரியருக்கு, யாருமே தவறாத ஒரு வகுப்பை இந்தப் பயிற்சி காட்டிக்கொடுத்தது. யாரையும் தவறவிடாததற்குக் காரணம், யாரையும் எதையும் கேட்காததுதான். ஐந்து நாள் முடிவில் எங்களில் ஒருவரிடமாவது, உங்கள் பள்ளியில் இனி எதை மாற்றப்போகிறீர்கள், அதை நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பாரபட்சம் பார்க்காததும் இதன் பெருமை. மாநில அளவில் கருத்தாளர்கள் பயிற்சி பெறுவார்கள். அவர்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டார வள மையத்தில் எங்களுக்குச் சொல்வார்கள். இத்தனை கை மாறியும் பி.பி.டி.யில் ஒரு வரி கூடியதில்லை, குறைந்ததில்லை. மலை மேல் இரண்டு ஆசிரியர்களோடு தொடக்கப் பள்ளி நடத்துகிறவருக்கும், ஊர் நடுவில் பத்து ஆசிரியர்களோடு நடுநிலைப் பள்ளி நடத்துகிறவருக்கும் ஒரே எடுத்துக்காட்டு, ஒரே குழுச் செயல்பாடு, ஒரே சார்ட் பேப்பர். முதலாமவருக்கு ‘உங்கள் குழுவுக்குப் பொறுப்புகளைப் பகிர்ந்தளியுங்கள்’ என்ற அறிவுரையை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது மட்டும் புரிந்திருக்காது. அவருடைய குழு ஒரே ஓர் ஆள்.

கருத்தாளர்களைப் பற்றி நான் சொல்லும் நல்ல வார்த்தையில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்றவர்களே. முந்தைய இரவு கண்விழித்துத் தயாரித்து, மின்விசிறி ஓடாத அறையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பேசினார்கள். கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அதை நிறைவேற்றினார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பள்ளி எப்படிப்பட்டது என்று கேட்டறிந்து பேச்சை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், அதையும் செய்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கட்டகங்களும் அரைகுறையானவை அல்ல. கல்வித் திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்குமான தேசிய நிறுவனமாகிய நீப்பா, பள்ளித் தலைமைக்கென்றே 2012இல் ஒரு தேசிய மையத்தைத் தொடங்கியது. தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றியமைப்பது, குழுவைக் கட்டி வழிநடத்துவது, புதுமைகளை முன்னெடுப்பது, ஊரோடும் பெற்றோரோடும் கைகோப்பது என்று அது வகுத்த பாடத்திட்டத்தில் ஒரு தலைமையாசிரியர் அறிய வேண்டியவை பெரும்பாலும் இருக்கின்றன. 2019இல் மத்திய அரசின் நிஷ்தா பயிற்சித் திட்டம் தொடங்கியபோது 42 லட்சம் ஆசிரியர்களுக்கும் பள்ளித் தலைவர்களுக்கும் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, தலைமையாசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி என்றது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் பயிற்சிகளுக்கு இங்கும் பஞ்சமில்லை. இந்த எண்கள் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமையைப் பார்க்கலாம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதை அவை சொல்கின்றன. அதில் நமக்கு நிகர் யாரும் இல்லை. அந்த மணி நேரத்துக்குப் பிறகு பள்ளியில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு எண்ணே கிடையாது.

பின்னூட்டப் படிவம் என்று ஒன்று உண்டே என்று கேட்பார்கள். உண்டு. அதையும் பாராட்டுகிறேன். அறை வசதி எப்படி, உணவு எப்படி, கருத்தாளர் தெளிவாகப் பேசினாரா, பயிற்சி பயனுள்ளதா என்று ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் வரிசையாக டிக் போட்டுக் கொடுத்துவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்வோம். நாங்கள் பொய் சொல்லவில்லை. உணவு நன்றாகத்தான் இருந்தது. கருத்தாளர் தெளிவாகத்தான் பேசினார். சான்றிதழ் கையில் வராத நேரத்தில், ஐந்து நாள் உழைத்தவரின் முகத்துக்கு எதிரே, பெயரும் பள்ளியும் எழுதித் தர வேண்டிய தாளில் வேறெதை எழுதுவது?

டொனால்ட் கர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில், பயிற்சி ஒன்றை மதிப்பிட நான்கு கேள்விகளை வரிசைப்படுத்தினார். பங்கேற்றவருக்குப் பிடித்ததா? அவர் எதையாவது கற்றாரா? திரும்பிப்போய் வேலையில் மாறி நடந்தாரா? அதனால் நிறுவனத்துக்குப் பலன் கிட்டியதா? உலகெங்கும் பயிற்சித் துறையினர் பாடமாகப் படிக்கும் வரிசை இது. இந்த நான்கில் முதல் கேள்வியை நாம் ஒருமுறைகூட விட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறோம். மற்ற மூன்றின் பக்கம் நாம் போகவே இல்லை.

சிக்கனத்துக்காகவும் இந்தப் பயிற்சியைப் புகழ வேண்டும். கணக்கில் வருபவை சாப்பாடு, தேநீர், அச்சுக்கூலி, பயணப்படி, கருத்தாளர் மதிப்பூதியம். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அதிகமில்லை. ஏனென்றால் பெரிய செலவை வேறு சிலர் தங்கள் தலையில் ஏற்றுக்கொள்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள்தான். தனியாக ஒரு தலைமையாசிரியர் என்ற பேச்சே 150 பிள்ளைகளைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. ஆகவே ஊருக்கு ஊர் இருக்கும் சிறு பள்ளிகளில் தலைமையாசிரியர் என்பவர் பாடம் நடத்தும் இருவரில் ஒருவர். அவர் தலைமைப் பண்பு கற்க வட்டார வள மையத்துக்குப் போய்விட்டால், மீதியிருக்கும் ஒருவர் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தப் பிள்ளைகளையும் ஒரே அறைக்குக் கொண்டுவருகிறார். எமிஸில் வருகை போடுகிறார். சத்துணவு வந்ததும் ருசி பார்க்கிறார். காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டில் சேர்க்க ஆள் தேடுகிறார். இடையில் தொலைபேசியில் யாரோ கேட்கும் அவசர விவரத்தை அலமாரியைத் திறந்து தேடிச் சொல்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஐந்து நாள் பாடத்தை அந்தப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்ததால்தான் எங்களால் மாற்றுப் பணியில் வந்து உட்கார முடிந்தது. இந்தப் பயிற்சிக்கு வந்த நன்கொடைகளில் பெரியது அவர்களுடையது. கோயில் திருப்பணிக்குப் பத்து ரூபாய் கொடுத்தவருக்குக்கூட ரசீது எழுதித் தருகிற நாட்டில், இவர்களுக்கு ஒன்றும் எழுதித் தரப்படவில்லை. நான் கேட்கும் மதிப்பீடு அந்த ரசீதுதான்.

எந்த ஒரு பயிற்சியையும் ஒழிக்கச் சொல்லவில்லை. பயன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முழு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மத்தியப் பிரதேச அரசு, பள்ளி நிர்வாகத்தைச் சீராக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உலகில் சிறந்தவை என்று பெயர் பெற்ற முறைகள் அதில் இருந்தன. ஒவ்வொரு பள்ளியையும் விரிவாக ஆராய்ந்து பார்ப்பது, பள்ளிக்குத் தரமதிப்பெண் கொடுப்பது, அந்தந்தப் பள்ளிக்கென்று தனியாக ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது என்று அறிவுள்ள எவரும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 1,774 பள்ளிகளில் அதை நடத்தி, குலுக்கலில் வராத பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அந்த மதிப்பீட்டை 2020இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டார்கள்.

அதில் புகழத்தக்கவை நிறைய. பள்ளி ஆய்வுகள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் முடிக்கப்பட்டிருந்தன. கொடுத்த தரமதிப்பெண்களும் பள்ளியின் உண்மை நிலையைக் காட்டுவனவாகவே இருந்தன. மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெற்றி பெற்ற திட்டம். பள்ளி நடக்கும் விதத்தில் மாற்றம் இருந்ததா என்று பார்த்தால், இல்லை. பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்களா என்று பார்த்தால், இல்லை. திட்டம் காகிதத்தில் எழுதச் சொன்னதெல்லாம் எழுதப்பட்டது. ஆனால் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், நன்றாகச் செய்தவருக்கு என்ன கிடைக்கும் என்பவற்றில் எதையும் அது மாற்றவில்லை.

பிறகு நடந்ததைத்தான் நம் அதிகாரிகள் மனத்தில் வைக்க வேண்டும். வெற்றி என்று எண்ணப்பட்ட அந்தத் திட்டம் நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. அப்படி விரிந்தபோது அதற்கு இருந்த ஷாலா சித்தி என்ற பெயர் தமிழ்நாட்டுத் தலைமையாசிரியர்களுக்கும் தெரியும். அதன் சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பியவர்கள்தாம் நாம். விரிவாக்கிய பின்பு மத்தியப் பிரதேசத்தில் மறுபடி அளந்து பார்த்தபோதும் பிள்ளைகளின் கற்றலில் முன்னேற்றம் தெரியவில்லை. களத்தில் இருந்த அலுவலர்களிடம் விரிவாகப் பேசிப் பார்த்ததில், நடைமுறையில் ஏற்பட்ட முக்கியமான விளைவு, மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையும் தாளும் பெருகியதே என்று தெரிந்தது.

அந்த மாநிலத்துக்கு என் உளமார்ந்த மரியாதை உண்டு. தன் திட்டத்தை அந்நியர் வந்து அளக்கட்டும் என்று விட்டது பெரிய மனது. அதனால்தான் அங்கே எது வேலை செய்யவில்லை என்பது இன்று நமக்குத் தெரிகிறது. நம் பயிற்சிக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் வரவே வராது. அது தோற்றது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடி அதை வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டு அனுபவமும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கிராமப்புறப் பள்ளிகளில் ‘சமநிலைத் தலைமை’ என்ற பொருள்படும் ஒரு பயிற்சியை இதே குலுக்கல் முறையில் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற முதல்வர்கள், நாங்கள் வளர்ந்துவிட்டோம் என்று சொன்னார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்த ஆசிரியர்களுக்கு அந்த வளர்ச்சி கண்ணில் படவில்லை. மாணவர் தேர்வு மதிப்பெண்ணும் நகரவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத ஒரு நன்மை தெரிந்தது: பயிற்சி பெற்ற முதல்வர்களும் அவர்கள் பள்ளி ஆசிரியர்களும் பள்ளியை விட்டுப்போவது குறைந்திருந்தது. மதிப்பீடு என்றால் குற்றம் கண்டுபிடிப்பது என்று அஞ்சுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தேடியிராவிட்டால் அந்த நன்மையும் தெரியாமலே போயிருக்கும். அமெரிக்கக் கல்வித் துறை 2019இல் வெளியிட்ட இன்னொரு மதிப்பீட்டில், இரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 200 மணி நேரம் கொடுத்த பயிற்சிக்கும் மாணவர் அடைவில் பலன் தெரியவில்லை.

ஹூஸ்டன் நகரில் கதை வேறு. ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளாதார அறிஞர் அங்கே நடத்திய சோதனையில் முதல்வர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி. பொதுவான தலைமைப் பண்பு பற்றியதாக அது இருக்கவில்லை. பாடத்தை எப்படித் திட்டமிடுவது, பிள்ளைகளின் தேர்வு விவரத்தைப் பார்த்துப் பாடத்தை எப்படி மாற்றுவது, வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆசிரியரிடம் என்ன சொல்வது என்ற மூன்றையே திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். முதல் ஆண்டில் எல்லாப் பாடத்திலும் அடைவு உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த உயர்வு உறுதியாகத் தெரியவில்லை. அதே பள்ளியில் இரண்டு ஆண்டும் தொடர்ந்து இருந்த முதல்வர்களால் வந்ததே அந்தப் பலன் என்று ஆய்வு சொல்கிறது.

இந்தக் கடைசி வரியைத் தமிழ்நாட்டில் வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. இங்கே பணிமூப்பில் பதவி உயர்வு வந்து நாற்காலியில் உட்காரும்போதே பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. ஓய்வு வயது 2021இல் 60 ஆனபோது ஓரிரு ஆண்டு கூடக் கிடைத்தது. இடையில் மாறுதல் கலந்தாய்வு. வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் யாரும் போகத்தான் செய்வார்கள். அது அவர்கள் உரிமை. ஜூலையில் ஒரு பள்ளிக்காக மேம்பாட்டுத் திட்டம் எழுதப் பழகியவர், அடுத்த ஆண்டு வேறொரு பள்ளியில் பொறுப்பேற்கிறார். பழைய பள்ளிக்கு வருகிறவருக்குப் பயிற்சி வேறு தொகுதியில் வரும், அல்லது வராது. பயிற்சிக் கணக்கில் இருவர் பெயரும் இருக்கும். பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் அதே பள்ளியில் இருக்கிறார்கள் என்ற எளிய கணக்கைக்கூட எங்களோடு யாரும் பகிர்ந்துகொண்டதில்லை. அதைப் பார்க்கப் பெரிய ஆய்வுகூடத் தேவையில்லை. எமிஸில் இருக்கும் விவரமே போதும்.

நம்மால் முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பலன் அளக்கப்பட்டது. கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள், பள்ளி மூடியிருந்தபோது இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் சொன்னார்கள். அங்கன்வாடியில் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரை வைத்தால் பிள்ளைகளுக்கு நன்மையா என்பதையும் இதே தமிழ்நாட்டில் குலுக்கல் முறையில் சோதித்து, நன்மை என்று கண்டிருக்கிறார்கள். ஊருக்குள் திண்ணையில் பாடம் சொன்ன தன்னார்வலப் பெண்களின் வேலையை அளக்க ஒப்புக்கொண்டோம். அங்கன்வாடிப் பணியாளரின் வேலையை அளக்க ஒப்புக்கொண்டோம். மாநில அளவில் திட்டமிட்டு, கட்டகம் அச்சிட்டு, சான்றிதழ் வழங்கி நடத்தும் பயிற்சிக்கு மட்டும் அந்தத் தேர்விலிருந்து விலக்கு அளித்து மரியாதை செய்துவருகிறோம். இந்த மரியாதை இனி வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மதிப்பீட்டை இப்படிச் செய்யலாம். அடுத்த பயிற்சியை எல்லா வட்டாரத்துக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க எப்படியும் ஆளும் இடமும் போதாது. அந்தப் போதாமையையே பயன்படுத்திக்கொள்ளலாம். பாதி வட்டாரங்கள் இந்த ஆண்டு, மீதி அடுத்த ஆண்டு என்று வெளிப்படையாகக் குலுக்கிப் போட வேண்டும். யாருக்கும் பயிற்சி மறுக்கப்படாது; முந்தி பிந்தி மட்டுமே. பள்ளி பள்ளியாகக் குலுக்குவதைவிட வட்டார வாரியாகக் குலுக்குவது நல்லது. ஒரே வட்டாரத்துத் தலைமையாசிரியர்கள் மாதக் கூட்டத்தில் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள், கற்றது காதுவழிப் போய்விடும், ஒப்பிட முடியாது.

எதைப் பார்ப்பது? தலைமையாசிரியரிடம் கேட்பதைக் குறைத்து, அவரோடு வேலை செய்யும் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். போன மாதம் உங்கள் வகுப்பில் எத்தனை முறை வந்து உட்கார்ந்தார்? போகும்போது என்ன சொன்னார்? அதனால் நீங்கள் எதையாவது மாற்றினீர்களா? முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் போய், பாடவேளையில் பாடம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் சில பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஒரு பத்தியைத் தமிழில் வாசிக்கச் சொல்லி, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பள்ளிக்குத் தொடர்பில்லாதவர் கேட்க வேண்டும். பயிற்சிக்கு முன் ஒரு முறையும், ஓர் ஆண்டு கழித்து ஒரு முறையும், இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு முறையும்.

இவற்றோடு தலைமையாசிரியரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதுவே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. விலையில்லாப் பாடநூலும் சீருடையும் இறக்க ஆள் பார்ப்பது, வங்கிக்குப் போவது, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தைப் பதிவேற்றுவது, குடிநீர்த் தொட்டியைக் கழுவ வைப்பது, வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடத்தில் கேட்கப்படும் விவரத்தைக் கொடுப்பது, இவற்றுக்கு எத்தனை மணி நேரம்? வகுப்பறைக்கு எவ்வளவு? தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது. வகுப்பறை உற்றுநோக்கல் பற்றி நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்தவருக்கு அதைச் செய்ய வாரத்தில் ஒரு பாடவேளைகூட மிச்சமில்லை என்றால், அவருக்குப் பயிற்சியால் வரக்கூடிய நன்மை என்ன? அதனால் சில வட்டாரங்களில் வேறோர் ஏற்பாட்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நாளுக்குப் பதில் ஒரே நாள் பயிற்சி. பிறகு மாதம் ஒருமுறை அனுபவமுள்ள தலைமையாசிரியர் ஒருவர் பள்ளிக்கே வந்து இவரோடு சேர்ந்து வகுப்பில் உட்கார வேண்டும். நாலைந்து சிறு பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தரையும் கொடுத்துப் பார்க்கலாம். எந்த வட்டாரத்துப் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்களோ அந்த வட்டாரத்து ஏற்பாட்டுக்குப் பணம் போகட்டும்.

மதிப்பிடுகிறவர்கள் பயிற்சியை நடத்துகிறவர்களாக இருக்கக் கூடாது. பல்கலைக்கழகப் பொருளியல் துறையோ புள்ளியியல் துறையோ பொறுப்பேற்கலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமான டயட்டின் விரிவுரையாளர்கள் களத்தில் உதவலாம், ஆனால் தாங்கள் நடத்திய பயிற்சிக்குத் தாங்களே மதிப்பெண் போட வேண்டாம். எது நடந்தால் வெற்றி, எது நடக்காவிட்டால் தோல்வி என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிட்டுவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு இலக்கை நகர்த்த இடம் கொடுக்கக் கூடாது. பள்ளியின் பெயரோ தலைமையாசிரியரின் பெயரோ எங்கும் வெளிவரக் கூடாது. வந்தால், பார்வைக்கு வருகிற நாளுக்காக நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்துக் காத்திருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இதுவரை வந்த ஆய்வுகள் எல்லாம் அவர்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தன. அறிக்கையைத் தமிழில் எழுத வேண்டும். அமைச்சருக்கும் செயலருக்கும் போகும் அதே நாளில், படிவம் நிரப்பிய ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

பயனில்லை என்று முடிவு வந்தால் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. அந்த ஐந்து நாளைப் பள்ளிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பயன் உண்டு என்று வந்தால், இன்று நான் பதிவேட்டையும் தேநீரையும் புகழ்வதை விட்டுவிட்டு, பிள்ளைகள் கற்றதைச் சொல்லிப் புகழ்வேன். அப்படிப் புகழ எனக்கு மிகுந்த ஆசை.

ஒன்றை மட்டும் நேரத்தோடு செய்ய வேண்டும். அடுத்த கல்வியாண்டின் பயிற்சி நாட்காட்டி அச்சுக்குப் போவதற்கு முன்பே வட்டாரங்களைக் குலுக்கி, முதல் சுற்றுச் சோதனையை முடித்துவிட வேண்டும். எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து முடித்த பிறகு மதிப்பீட்டை நினைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வட்டாரமும் மிஞ்சியிருக்காது.